ஒரே கிழங்கு, மூன்று நாடுகள்: சில நிலப்பகுதிகள் ஏன் ஏழ்மையிலேயே தங்கிவிடுகின்றன?

2025 மே மாதக் கடைசியில், இந்தியா ஜப்பானை முந்தி உலகின் நான்காவது பெரிய பொருளாதாரமாகிவிட்டது என்று நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலர் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் உலக வங்கி, கொடிய வறுமையை அளக்கும் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தி, அந்தக் கோட்டின்படி 2022-23இல் இந்தியர்களில் 5.3 விழுக்காட்டினர் கொடிய வறுமையில் இருந்தனர் என்று கணக்குச் சொன்னது. அதே வங்கியின் வகைப்பாட்டில் இந்தியா இன்றும் 'கீழ் நடுத்தர வருவாய்' நாடுதான். இந்தச் செய்திகளை அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு நாம் பணக்கார நாடா, ஏழை நாடா என்ற குழப்பம் வந்ததில் வியப்பில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கும் பெரிய கேள்வி, உலகின் சில பகுதிகள் ஏன் தலைமுறை தலைமுறையாக ஏழ்மையிலேயே இருக்கின்றன என்பது. சேலத்து வாசகருக்கு அதை விளக்கத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆத்தூர்ச் சாலையில் லாரி லாரியாகப் போகும் குச்சிக்கிழங்கே போதும்.

முதலில் அளவுகோல்கள்

1. மொத்த உற்பத்தி என்பது வேறு, தலைக்கு உற்பத்தி என்பது வேறு. இந்தியாவின் ஆண்டு உற்பத்தி சுமார் 4 லட்சம் கோடி டாலர். ஜப்பானுடையதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அங்கே அதைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் 12 கோடிப் பேர், இங்கே 140 கோடிக்கும் மேல். ஆகவே தலைக்கு வரும் தொகை ஜப்பானில் 33,000 டாலர் அளவிலும் இந்தியாவில் 2,700 டாலர் அளவிலும் நிற்கிறது. நாடுகளை ஏழை, பணக்காரர் என்று பிரிப்பது இந்த இரண்டாவது கணக்கு.

2. வாங்கும் திறன் சமநிலை. 3 டாலர் என்றதும் நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி 250 ரூபாய் என்று பலர் எழுதினார்கள்; அது தவறு. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு பொருள் கிடைக்குமோ, அவ்வளவு பொருள் இந்தியாவில் என்ன விலை என்று பார்ப்பதே இந்தக் கணக்கு. செவ்வாய்ப்பேட்டையில் முப்பது நாற்பது ரூபாய்க்குத் தட்டுவடை செட் ஒன்றைச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். நியூயார்க் தெருக்கடையில் அதே அளவு தின்பண்டத்துக்குப் பல மடங்கு ஆகும். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டினால், 2021ஆம் ஆண்டு விலையில் அந்தக் கோடு 60 ரூபாயை ஒட்டி வருகிறது. ஒருவருடைய உணவு, துணி, மருந்து, வாடகை எல்லாமே அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். கோட்டுக்கு மேலே இருப்பவர் வசதியானவர் என்று பொருளில்லை என்பதை இதிலிருந்தே உணரலாம்.

3. இடைவெளியின் வயது. இன்று புருண்டியில் தலைக்கு ஆண்டு உற்பத்தி சில நூறு டாலர்களைத் தாண்டுவதில்லை. லக்சம்பர்க்கில் அது ஒரு லட்சம் டாலருக்கு மேல். இந்த மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு ஆதியிலிருந்து இருந்ததன்று. பொருளியல் வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசனின் மதிப்பீட்டின்படி, 1820 வாக்கில் மேற்கு ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே மூன்று மடங்கு அளவிலான வேறுபாடே இருந்தது. எனவே ஏழ்மைக்குக் காரணம் தேடும்போது, கடந்த இருநூறு ஆண்டுகளில் சிலர் ஏறிய ஏணி மற்றவர்களுக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்பதுதான் பொருத்தம்.

குச்சிக்கிழங்கின் கணக்கு

குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த பயிர். இன்று அதை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டன். தாய்லாந்தின் விளைச்சல் அதில் பாதியளவுதான். ஆனாலும் மரவள்ளி மாவையும் ஸ்டார்ச்சையும் உலகுக்கு அதிகமாக விற்பது தாய்லாந்து. நைஜீரியாவோ தன் ஆலைகளுக்கு வேண்டிய ஸ்டார்ச்சை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே கிழங்கு, ஏறத்தாழ ஒரே வெயில். பின் ஏன் இந்த நிலை?

கிழங்கின் இயல்பிலிருந்தே விடையைத் தொடங்கலாம். பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுப்போகும் பொருள் இது. ஆகவே கிழங்கு பணமாவதற்கு, காட்டிலிருந்து ஆலைக்கு ஒரே நாளில் போய்ச் சேரும் சாலையும், அரவை இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டும் மின்சாரமும், கழுவவும் மாவுப்பால் பிரிக்கவும் ஏராளமான தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவைத்து, ஈரமாவைக் குலுக்கிக் குருணையாக்கி, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. இதில் எந்தக் கட்டமும் அறிவியல் அதிசயமில்லை. சாலை, மின்சாரம், தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருப்பதுதான் அரிது. 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. எட்டுக் கோடிக்கும் குறைந்த மக்கள்தொகைக்கு அது. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட நைஜீரியாவின் மின்தொகுப்பு பல ஆண்டுகளாக 4,000 முதல் 5,000 மெகாவாட்டுக்குள் தத்தளிக்கிறது. அங்கே ஆலை வைப்பவர் டீசலில் ஓட்ட வேண்டும். டீசலில் ஓடும் ஆலையின் மாவு, கப்பலில் வந்திறங்கும் மாவோடு விலையில் போட்டியிட முடியாது.

விளைச்சலும் அப்படியே. நைஜீரியாவில் ஏக்கருக்குச் சராசரியாக நான்கு டன் தேறுவதில்லை. இங்கே பாசனமும் உரமும் கிடைக்கும் நிலத்தில் பன்னிரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. அங்குள்ள உழவர் சோம்பேறி என்று இதற்கு அர்த்தம் கற்பிப்பது, பாசனம் இல்லாத கருமந்துறை மலைச்சரிவில் மரவள்ளி போடுபவரை ஆத்தூர் வாய்க்கால் பாசனத்து விவசாயியோடு ஒப்பிட்டு இகழ்வதற்குச் சமம். விற்க வழியில்லாத ஊரில் கூடுதலாக உரம் போட்டு விளைவிப்பவர்தான் உண்மையில் கணக்குத் தெரியாதவர்.

இதோடு சந்தை ஒன்றும் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. சேலத்து ஜவ்வரிசியைச் சேலத்தில் தின்பவர் குறைவு. மகாராஷ்டிரத்திலும் வடமாநிலங்களிலும் ஏகாதசி, நவராத்திரி விரதங்களுக்குச் சமைக்கத்தான் மூட்டைகள் போகின்றன. சங்ககிரி லாரி ஒன்று இங்கே சரக்கேற்றிக்கொண்டு சுங்கத்தீர்வை எதுவும் கட்டாமல், ஒரே நாணயத்தில், ஒரே சட்டத்தின் கீழ்ப் புனேவுக்கும் இந்தூருக்கும் போய்விடும். ஆப்பிரிக்காவிலோ 54 நாடுகள். பெரும்பாலான எல்லைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வல்லரசுகள் தங்கள் வசதிக்குக் கிழித்தவை. அந்தக் கண்டம் முழுவதற்குமான தடையற்ற வணிக உடன்படிக்கையின் கீழ் வணிகம் முறைப்படி தொடங்கியது 2021 ஜனவரியில்தான். பெரிய உள்நாட்டுச் சந்தை நமக்குக் கிடைத்திருக்கும் சொத்து. அதன் மதிப்பை அது இல்லாத நாடுகளைப் பார்த்தால்தான் உணர முடிகிறது.

நிலம், நோய், கடல்

புவியியலைக் காரணமாகச் சொல்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கடற்கரையே இல்லாத நாடுகளில் பதினாறு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அண்டை நாட்டின் துறைமுகத்தையும் சாலையையும் நம்பித்தான் அவை ஏற்றுமதி செய்ய வேண்டும். மலேரியாவால் உலகில் இறப்பவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்கர்கள். காய்ச்சலில் படுத்த குழந்தையின் பள்ளி நாட்களும் பெற்றோரின் கூலி நாட்களும் இதில் கரைகின்றன. ஆனால் இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லை. கொரியத் தீபகற்பத்தின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் ஒரே மண், ஒரே மொழி. 1945இல் கிழிக்கப்பட்ட கோடு ஒன்றுதான் வேறுபாடு.

யாருடைய நிலம், யார் கையில் தராசு

2024ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு டாரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. சொத்துரிமை, நீதிமன்றம், வரி, ஆட்சியில் பங்கு ஆகியவற்றின் விதிமுறைகளை அவர்கள் 'நிறுவனங்கள்' என்று அழைக்கிறார்கள். கட்டடத்தையோ கம்பெனியையோ அல்ல. காலனி ஆட்சி எங்கே உறிஞ்சி எடுப்பதற்கான விதிகளை நட்டதோ, அங்கே ஆட்சி போன பின்னும் அந்த விதிகள் உள்ளூர் மேட்டுக்குடியின் கைக்கு மாறி நிலைத்துவிட்டன என்பது அவர்கள் வாதம். எங்கே எவ்வகை விதிகள் நடப்பட்டன என்பதை விளக்க, குடியேறிய ஐரோப்பியர்களின் இறப்பு விகிதத்தை அவர்கள் சான்றாகப் பயன்படுத்திய முறை பற்றி மற்ற ஆய்வாளர்கள் கடுமையாகவே விமர்சித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாதத்தின் அடிப்படையைச் சோதித்துப் பார்க்கச் சேலம் மாவட்டமே ஒரு நல்ல களம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, உழுபவரிடமே நேரடியாக வரியைத் தீர்மானித்தார்கள். ரயத்துவாரி முறையின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, வங்காளத்து ஜமீன்தாரி முறையைப் பார்த்துச் சேலம் சீமையை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டது கம்பெனி. ஏலம் எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் போக, அவர்களுடைய மிட்டாக்கள் மறுபடி சர்க்காரிடம் வந்து ரயத்துவாரிக்குத் திரும்பின. மற்றவை மிட்டாதார்களிடமே இருந்தன. இப்படி ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு விதிகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன.

இந்தியா முழுவதும் இந்த இருவகை மாவட்டங்களையும் ஒப்பிட்டு அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜமீன்தார்கள் ஒழிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், முன்பு ஜமீன் ஆட்சியில் இருந்த மாவட்டங்களில் பாசனமும் உரப் பயன்பாடும் விளைச்சலும் பின்தங்கியே இருந்ததை அவர்கள் காட்டினார்கள். சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தாலும், அந்த முறை உண்டாக்கிய வழக்கமும் பகையும் அவநம்பிக்கையும் ஒரே நாளில் போய்விடவில்லை. நாடுகளின் ஏழ்மை ஏன் இத்தனை பிடிவாதமானது என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

ரயத்துவாரியைப் புகழ்ந்து தள்ளவும் கூடாது. உழுபவர் என்று ஏட்டில் பதியப்பட்டவர் பெரும்பாலும் நிலமுள்ளவர். பண்ணையாளின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வரியும் கடுமையாகவே இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலேயே மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. விதி சற்று நல்லதாக இருந்தது என்பதும், ஆட்சி குடிகளுக்காக நடக்கவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

'நிறுவனம்' என்ற இந்த அருவமான சொல்லை இன்றைய கிழங்கு வணிகத்திலும் கண்ணால் பார்க்கலாம். ஆலையில் கிழங்குக்கு விலை எடையால் மட்டும் அமைவதில்லை, 'பாயிண்ட்' பார்க்கிறார்கள். மாதிரிக் கிழங்கைத் தராசில் நிறுத்துப் பின் தண்ணீரில் அமிழ்த்தி மீண்டும் நிறுத்தால், அந்த வேறுபாட்டிலிருந்து மாவுச்சத்தின் அளவு தெரியும். ஒரு பாயிண்ட் குறைந்தாலும் லாரிக்குப் பெருந்தொகை குறையும். அந்தத் தராசு ஆலையின் தராசு. சரிபார்க்கும் ஆள் நம்பத்தக்கவராக இல்லாவிட்டால் விவசாயி அடுத்த பருவத்தில் வேறு பயிருக்குப் போவார். ஆலைக்காரர்களுக்கும் இதே இக்கட்டு மறுபக்கத்தில் இருந்தது: தனித்தனியாக விற்றபோது வியாபாரி வைத்ததே விலை. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கி, சரக்கைக் கிடங்கில் சேர்த்துவைத்து ஏல முறையில் விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. கிழங்கு அதே கிழங்குதான். விலை கேட்கும் முறை மாறியது.

கச்சாவாக விற்பவரின் கதி

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இரண்டு நூற்றாண்டுகளாக வேலைப் பங்கீடு அதிகம் மாறவில்லை. பனிக்காலத்தில் செடியிலிருந்து சிவந்த பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டால் பார்ச்மெண்ட், அதாவது உள்தோல் நீக்காத காபிக்கொட்டை. அது மூட்டையாக இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. வறுப்பது, பொடிப்பது, பெயர் ஒட்டி விற்பது எல்லாம் வேறெங்கோ. உலக அளவிலும் இதே காட்சிதான். ஒரு காபிச் செடிகூட வளராத ஜெர்மனி, வறுத்த காபியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தீர்வைப் பட்டியலைப் பார்த்தால் இதில் தற்செயல் ஒன்றுமில்லை என்பது தெரியும்: பச்சைக் கொட்டைக்குத் தீர்வை இல்லை, வறுத்த கொட்டைக்கு 7.5 விழுக்காடு. ஏழை நாடுகள் பலவற்றுக்குச் சலுகை விகிதம் இருந்தாலும், இத்தகைய பட்டியல்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தது ஒன்றுதான்: விளைவிப்பதோடு நில்.

ராவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 1950 வாக்கில் இதைக் கோட்பாடாகவே சொன்னார்கள்: நீண்ட காலத்தில் கச்சாப் பொருளின் விலை, ஆலைப் பொருளின் விலையோடு ஒப்பிடுகையில் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரே பொருளை நம்பியிருக்கும் நாட்டுக்கு விலை ஏற்ற இறக்கமே இன்னொரு தண்டனை. 1962இல் ஏற்பட்ட சர்வதேசக் காபி உடன்படிக்கையின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989இல் குலைந்ததும் விலை சரிந்து, எத்தியோப்பியா, உகாண்டா போன்ற நாடுகளின் அரசு வருமானமே ஆட்டங்கண்டது. இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு உலகின் கோபால்ட்டில் சுமார் 70 விழுக்காட்டைத் தோண்டியெடுக்கிறது; அதைச் சுத்திகரித்துப் பேட்டரிக்கு உரியதாக்கும் வேலையில் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது.

சேலத்துக்கும் இப்படியொரு பழைய அனுபவம் உண்டு. கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுவைக் கரியுலையில் உருக்கி எஃகு செய்த கொல்லர்களின் திறமையைக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்த ஜோசையா ஹீத் கவனித்து, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை வைத்தார். மரக்கரியை நம்பிய அந்த ஆலை நிலைக்கவில்லை. அவரோ இங்கிலாந்து திரும்பி, 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அதனால் கொழித்தன. தாது இன்னும் கஞ்சமலையில் கிடக்கிறது. தாது இருப்பதும் எஃகு செய்யத் தெரிந்திருப்பதும் தொழில் தழைப்பதும் மூன்று வெவ்வேறு செய்திகள்.

ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள்

1960இல் தென்கொரியாவின் தலைக்கு உற்பத்தி சுமார் 160 டாலர். அன்றைய கானாவுக்கு அது எவ்விதத்திலும் உயர்ந்ததில்லை. நிலச்சீர்திருத்தத்தால் ஜமீன்களை உடைத்து, எல்லாக் குழந்தைகளையும் பள்ளியில் சேர்த்து, ஏற்றுமதி செய்து காட்டினால்தான் கடன் என்று ஆலைகளை நெருக்கியது அந்நாடு. அதில் பெரும்பகுதி ராணுவ ஆட்சியில், தொழிலாளர்களை ஒடுக்கி நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வியட்நாம் 1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களின் வழியே கூட்டுப்பண்ணை முறையைத் தளர்த்தியது. ஒரே தலைமுறையில் பிரேசிலுக்கு அடுத்த காபி நாடாகிவிட்டது.

போட்ஸ்வானா இன்னும் சுவையான நிகழ்வு. 1966இல் விடுதலை பெற்றபோது கடல் இல்லாத, பெரும்பகுதி பாலையான, தார்ச்சாலை பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே இருந்த நாடு அது. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. சுரங்க நிறுவனத்தோடு பேரம் பேசிச் சரிபாதிப் பங்கை அரசு வாங்கி, வருமானத்தைப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிட்டது. அதே போன்ற கனிமம் கிடைத்த சியரா லியோனில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆனால் செயற்கை வைரம் பரவி விலை சரிந்ததும், 2024இல் போட்ஸ்வானாவின் பொருளாதாரமே சுருங்கியது. நல்ல ஆட்சி இருந்தும் ஒற்றைப் பொருளின் பிடியிலிருந்து அது இன்னும் விடுபடவில்லை.

அடுத்து வருவது

இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடிச்சிட்டுக்கொள்வதை விரைவில் ஏற்காட்டிலேயே பார்க்க நேரலாம். காடழித்து விளைவித்த காபியையும் கோகோவையும் இறக்குமதி செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. அதன்படி, கொட்டை விளைந்த நிலத்தின் அமைவிடத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டும். அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை உள்நாட்டுச் சட்டப்படி சரியாக இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். நோக்கம் நல்லதுதான். பெரிய எஸ்டேட்டுக்கு இது ஒரு பிற்பகல் வேலை, ஏனெனில் அளவு வரைபடம் அலுவலக அலமாரியிலேயே இருக்கும். தாத்தா பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டாவில், வெள்ளிஓக் மரத்தில் மிளகையும் நிழலில் காபியையும் வைத்து ஒன்றிரண்டு ஏக்கர் பார்க்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம், முதலில் பாகப்பிரிவினை முடித்து, சர்வேயரை வரவழைத்து, பட்டா மாற்றலுக்குத் தாலுகா அலுவலகம் அலைந்தாக வேண்டும். அது முடியும் வரை அவர்களுடைய பழம், கேள்வி கேட்காத உள்ளூர் வியாபாரிக்கு, அவர் சொல்லும் விலைக்குப் போகும்.